கோடு விழுந்ததா, இல்லையா? கருத்தடை மாத்திரையும் கர்ப்பப் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு வயது 29. மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். ஒன்றேகால் வருடமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். ஜூன் 2-ஆம் தேதி புதிய அட்டையைத் தொடங்கியிருக்க வேண்டும். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போனபோது அட்டையை எடுத்துச் செல்ல மறந்துவிட்டதால் 5-ஆம் தேதி இரவுதான் தொடங்கினேன். 6, 10 தேதிகளில் கணவருடன் சேர்ந்திருந்தேன், ஆணுறை பயன்படுத்தவில்லை. அதன்பின் அவர் வேலைக்காக வெளியூர் போய்விட்டார். சில நாட்களாக வயிற்றைப் புரட்டுவதால் 24-ஆம் தேதி கார்டு டெஸ்ட் செய்தேன். ஒரு கோடுதான் வந்தது. 28 காலை மறுபடி செய்தபோதும் ஒரு கோடுதான். ஆனால் சமையலை முடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மங்கலாக இரண்டாவது கோடு தெரிந்தது. 29 மதியம் செய்ததில் அந்தக் கோடு இல்லை. அட்டையின் கடைசி ஏழு நாள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடும்போது வழக்கமாக வரும் உதிரப்போக்கு இந்த முறை பழுப்பு நிறக் கசிவாக ஒரே நாளில் நின்றுவிட்டது. மாத்திரை சாப்பிடுவதால் டெஸ்ட் தவறாகக் காட்டுமா? மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டுமா? கருவாக இருந்தால் இதுவரை சாப்பிட்ட மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா? மாமியார் எள்ளுருண்டை செய்து கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, மருந்துக்கடையில் 'வர வைக்கும் மாத்திரை' வாங்கிச் சாப்பிடச் சொல்கிறார். (ஜூன் 30. பெயரும் ஊரும் வேண்டாம்.)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, காத்திருக்க முடியாத விஷயம் என்பதால் "ஜூலை 1 காலையில் ஒருமுறை சோதியுங்கள், கோடு விழாவிட்டால் 3-ஆம் தேதி அடுத்த அட்டையைத் தொடங்குங்கள்" என்று கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். அந்த இரண்டு தேதிகளையும் எப்படிக் கணக்கிட்டேன் என்பதை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இதே குழப்பத்தோடு வருபவர்கள் பலர். ஆனால் உங்களைப் போலத் தேதிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வருபவர்கள் மிகச் சிலர். "போன மாசம் ரெண்டு மூணு மாத்திரை விட்டுப்போச்சு டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள். எந்த இரண்டு மூன்று என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கருத்தடை மாத்திரை, கார்டு டெஸ்ட்டின் முடிவை எந்த வகையிலும் மாற்றுவதில்லை. சிறுநீரில் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன் இருக்கிறதா என்பதை மட்டுமே அந்தக் கார்டு பார்க்கிறது. கருப்பையின் சுவரில் கரு பதிந்த பிறகு, பின்னாளில் நஞ்சுக்கொடியாக வளரப்போகும் செல்கள் சுரக்கும் ஹார்மோன் அது. உங்கள் வெள்ளை மாத்திரையில் இருப்பவை லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடியால் 0.03 மில்லிகிராமும்தான். இவை சினைப்பையை உறங்கவைக்கும் ஹார்மோன்கள், எச்.சி.ஜி.யோடு இவற்றுக்குத் தொடர்பில்லை. இரும்புச் சத்து மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, வழக்கமான ஆன்டிபயாடிக் ஆகியவையும் கார்டைக் குழப்புவதில்லை. மருந்துகளில் உண்மையாகவே குழப்பக்கூடியது எச்.சி.ஜி. ஊசி ஒன்றுதான். குழந்தைப்பேறு சிகிச்சையில் கருமுட்டை வெடிப்பதற்காகப் போடப்படும் அந்த ஊசிக்குப் பிறகு, கரு இல்லாவிட்டாலும் பத்து நாள், இரண்டு வாரம் வரைகூடக் கோடு விழலாம். கருக்கலைந்த பின்னரும் சில வாரங்களுக்கு இப்படி வருவதுண்டு. இரண்டுமே உங்களுக்குப் பொருந்தாதவை.

மாத்திரை குழப்புவது டெஸ்ட்டை அல்ல, நாட்கணக்கை. மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு மாதாமாதம் வரும் உதிரப்போக்கு, கருமுட்டை வெளிவந்து, கரு தங்காமல், கருப்பையின் உட்படலம் உரிந்து வரும் இயல்பான மாதவிடாய் அல்ல. 21 நாள் வெள்ளை மாத்திரை முடிந்து இரும்புச் சத்து மாத்திரைக்கு மாறும்போது உடலில் ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கத்துக்கு உட்படலம் காட்டும் எதிர்வினைதான் அந்த உதிரப்போக்கு. மாத்திரையின் விளைவால் அந்தப் படலம் மாதத்துக்கு மாதம் மெலிந்துகொண்டே வருவதால், ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்குப் போக்கு குறைவதும், பழுப்பாகக் கசிந்து நிற்பதும், ஏதோ ஒரு மாதம் வராமலே போவதும் இயல்பு. ஆகவே போக்கு குறைந்ததை வைத்துக் கரு தங்கியிருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. நன்றாகப் போனதை வைத்துக் கரு இல்லை என்று நிம்மதி அடையவும் முடியாது. கார்டு உறையில் "நாள் தள்ளிப்போன பிறகு சோதிக்கவும்" என்று அச்சடித்திருப்பது மாத்திரை சாப்பிடாத பெண்ணை மனதில் வைத்துத்தான். மாத்திரை சாப்பிடுபவருக்குத் தள்ளிப்போவதற்கு அப்படி ஒரு நாளே கிடையாது.

அப்படியானால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? பாதுகாப்பில்லாமல் சேர்ந்த கடைசி நாளிலிருந்து.

அந்த நாளைக் கண்டுபிடிக்க ஜூன் மாதத் தொடக்கத்துக்குப் போக வேண்டும். வெள்ளை மாத்திரை இல்லாத ஏழு நாட்களில் சினைப்பை மெல்லக் கண் விழிக்கத் தொடங்கும். எட்டாம் நாள் புதிய அட்டை தொடங்கியதும் மறுபடி உறங்கப் போகும். ஏழு நாள் என்ற இடைவெளி அந்த அளவாகப் பார்த்து வைக்கப்பட்டது. நீங்கள் மூன்று நாள் தாமதித்ததால் அது பத்து நாளாக நீண்டுவிட்டது. அட்டையின் நடுவில் ஒரு மாத்திரையை மறப்பதைவிட அட்டையைத் தாமதமாகத் தொடங்குவது ஆபத்து அதிகமானது என்பதை மாத்திரை கொடுப்பவர்கள் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் வருத்தம். இடைவெளி இப்படி நீண்ட பிறகு, ஏழு வெள்ளை மாத்திரைகளைத் தொடர்ச்சியாகச் சாப்பிட்டு முடித்தால்தான் பாதுகாப்பு திரும்பும். 5-ஆம் தேதி தொடங்கிய உங்களுக்கு அது 11-ஆம் தேதி இரவோடுதான் நிறைவடைகிறது. ஆக 6-ஆம் தேதியும் 10-ஆம் தேதியும் பாதுகாப்பற்ற நாட்கள். நாம் எண்ணத் தொடங்க வேண்டிய நாள் ஜூன் 10.

அன்றிலிருந்து 21 நாள். இந்த எண்ணை மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆணின் விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். அதனால் 10-ஆம் தேதி சேர்ந்திருந்தாலும், கருமுட்டை 15-ஆம் தேதி வெளிவந்து அன்று கருவுற வாய்ப்பு உண்டு. கருமுட்டை வெளிவந்த ஆறாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் கரு கருப்பையில் பதிகிறது; பெரும்பாலோருக்கு எட்டிலிருந்து பத்தாம் நாளுக்குள். மிகத் தாமதமாகப் பதிந்தால் ஜூன் 27. எச்.சி.ஜி. சுரப்பதே அதற்குப் பிறகுதான். தொடக்கத்தில் மிகச் சிறிய அளவில் இருந்து, ஏறக்குறைய இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகிக்கொண்டே போகும். கடையில் கிடைக்கும் கார்டுகளில் பெரும்பாலானவை, ஒரு மில்லிலிட்டரில் 25 மில்லி யூனிட் அளவை எட்டினால்தான் கோடு காட்டும். அதற்கு இன்னும் சில நாட்களைச் சேர்த்தால் ஜூலை 1 வந்துவிடுகிறது. எல்லாமே தாமதமாக நடந்தாலும் தப்பவிடக்கூடாது என்று போடப்பட்ட கணக்கு இது. பலருக்கு இதற்கு முன்பே கோடு விழுந்துவிடும்.

இப்போது உங்கள் மூன்று சோதனைகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஜூன் 24 என்பது பதினான்காம் நாள். அன்று கோடு விழாதது எதையும் நிரூபிக்கவில்லை. 28 என்பது பதினெட்டாம் நாள். காலை முதல் சிறுநீரில் ஐந்து நிமிடத்துக்குள் கோடு விழவில்லை என்பது ஓரளவு நல்ல செய்திதான், ஆனால் முடிவான செய்தி அல்ல. 29-இல் சோதித்தது மதியம். வெயில் நாளில் தண்ணீர் நிறையக் குடித்திருப்பீர்கள். சிறுநீர் நீர்த்துப்போயிருந்தால், குறைந்த அளவில் இருக்கும் ஹார்மோன் கார்டின் கண்ணில் படாமல் போகலாம். மூன்றையும் கூட்டினாலும் ஒரு முழு விடை வரவில்லை, ஏனென்றால் மூன்றுமே நாளாவதற்கு முன் செய்யப்பட்டவை.

அந்த ஒரு மணி நேரத்துக் கோட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கார்டில் விட்ட சிறுநீர் உலரும்போது, இரண்டாவது கோடு வர வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு தடம் தங்கிவிடுவதுண்டு. அதற்குச் சாயம் இருக்காது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நிழல்போலத் தெரியும். உண்மையான கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும், பக்கத்தில் இருக்கும், கார்டு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் 'சி' கோட்டின் நிறத்திலேயே, அதே அகலத்தில், குறித்த நேரத்துக்குள் வரும். ஒரு பெண்மணி மூன்று நாள் பழைய கார்டைக் காகிதத்தில் மடித்து, பீரோவில் பத்திரப்படுத்தி வைத்திருந்து, என் மேசைமேல் பிரித்து வைத்தார். இரண்டு கோடுகள் பளிச்சென்று இருந்தன. அன்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கரு இல்லை. கார்டை உறையில் சொன்ன நேரத்தில், பொதுவாக ஐந்து நிமிடத்தில், பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டுவிடுங்கள். அதை மறுபடி எடுத்துப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கே வந்திருக்கிறது. ஆனால் குறித்த நேரத்துக்குள்ளேயே, எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் நிறமுள்ள கோடு விழுந்தால், அதை 'இல்லை' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ஆகவே ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு வரும் ஒரு நாளில், காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான சிறு கிண்ணத்தில் பிடித்து, காலாவதி தேதி பார்த்து வாங்கிய கார்டில், உறையில் எழுதியிருக்கும் அளவு சொட்டுகளை மட்டும் விட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் படியுங்கள். கார்டுக்குச் செலவழிக்க வேண்டாமென்றால் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டால் சோதித்துத் தருவார்கள். 'சி' கோடே விழாத கார்டு கெட்டுப்போன கார்டு; அதன் முடிவைக் கணக்கில் எடுக்கக் கூடாது. 'சி' மட்டும் விழுந்தால் ஜூன் மாதக் கவலை அதோடு முடிந்தது. மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

இதற்குப் பிறகும் மங்கலான கோடு வந்து குழப்பினால் கார்டுக்கு மேல் கார்டு வாங்காமல், பீட்டா எச்.சி.ஜி. என்னும் ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடுங்கள். அதில் 'உண்டு, இல்லை' என்று வராது, எண் வரும். 5-க்குக் கீழ் என்றால் கரு இல்லை. 25-க்கு மேல் என்றால் உண்டு என்று எடுத்துக்கொள்வோம். இடையில் நின்றால், சரியாக 48 மணி நேரம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி எடுக்க வேண்டும். வளரும் கருவாக இருந்தால் எண் வேகமாக ஏறும். தேங்கி நின்றாலோ இறங்கினாலோ, பதிந்த சில நாட்களிலேயே கலைந்துபோன கருவாக இருக்கலாம். இரண்டு கோடு வந்து, ஒரு வாரத்தில் மறைந்து, பின் உதிரப்போக்கு வரும் பெண்களில் பலருக்கு நடப்பது இதுதான். அது டெஸ்ட்டின் பிழை அல்ல, அந்தப் பெண் ஏதோ செய்ததால் வந்ததும் அல்ல.

மாத்திரையை நிறுத்திவிட்டுச் சோதிக்க வேண்டுமா என்றால், கூடாது என்பதே என் பதில். மாத்திரை டெஸ்ட்டைக் கெடுக்காதபோது நிறுத்துவதால் தெளிவு எதுவும் கிடைக்காது. கிடைப்பது இன்னொரு நீண்ட இடைவெளி. கரு இல்லாத ஒருவர், கரு இருக்குமோ என்ற சந்தேகத்தில் மாத்திரையை நிறுத்தி, அந்த மாதமே உண்மையாகக் கருவுற்று வந்து நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கோடு உறுதியாக விழும்வரை அட்டையைத் தொடருங்கள். 5-ஆம் தேதி தொடங்கிய அட்டையின் 28 மாத்திரைகளும் ஜூலை 2-ஆம் தேதி முடிகின்றன; அடுத்த அட்டைக்கு 3-ஆம் தேதி என்று சொன்னது அதனால்தான். உறுதியாக விழுந்த அன்று நிறுத்துங்கள். ஒருவேளை கரு இருந்து, தெரியாமல் இத்தனை நாள் சாப்பிட்டிருந்தாலும் அஞ்ச வேண்டாம். கருவுற்ற தொடக்க வாரங்களில் அறியாமல் இந்த மாத்திரையைச் சாப்பிட்ட பெண்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைபாடு கூடுதலாக வருவதில்லை என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டுத் தெளிவான விஷயம். மாத்திரை சாப்பிட்டதை மட்டும் காரணமாக வைத்து யாராவது கருவைக் கலைக்கச் சொன்னால் ஏற்காதீர்கள். வயிற்றைப் புரட்டுவதையும் அடையாளமாகக் கொள்ள வேண்டாம். கருவுற்றாலும் புரட்டும், மாத்திரையாலும் புரட்டும், கவலையாலும் புரட்டும். இரவு உணவுக்குப் பின் மாத்திரை சாப்பிட்டால் பலருக்கு அது குறைகிறது.

மாமியாரின் எள்ளுருண்டையை மறுக்க வேண்டியதில்லை. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் உள்ள நல்ல தின்பண்டம் அது. உதிரப்போக்கை வரவழைக்கவோ கருவைக் கலைக்கவோ அதனால் முடியாது. பக்கத்து வீட்டு அக்காவின் யோசனை அப்படி அல்ல. 'வர வைக்கும் மாத்திரை' என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை. கோயில் திருவிழாவுக்காக நாளைத் தள்ளிப்போடச் சாப்பிடுவதும் இதே குடும்பத்து மருந்துதான். ஏற்கெனவே அவ்வகை ஹார்மோனை நாள்தோறும் சாப்பிட்டுவரும் உங்களுக்கு அதனால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. கரு இருந்தால் அது கலையவும் கலையாது. சில கடைகளில் அதே பெயரைச் சொல்லிக் கருக்கலைப்பு மாத்திரையையே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கேன் எடுக்காமல் அதைச் சாப்பிடுவது ஆபத்து. கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரைக்கு அது அசையாது. உதிரம் போவதைப் பார்த்து எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்கள், குழாய் உள்ளே வெடிக்கும். கோடு விழுந்த பிறகு அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தோள்பட்டை முனையில் வலி, தலைசுற்றி மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கோடு விழுந்து நீங்கள் மருத்துவரிடம் போனால், "கடைசி மாதவிடாய் எப்போது?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். ஒரு தேதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தாமல், மாத்திரை சாப்பிட்டுவந்ததையும், எனக்கு எழுதிய தேதிகளையும் அப்படியே சொல்லுங்கள். உங்கள் விஷயத்தில் ஸ்கேனில் கருவை அளந்துதான் வாரத்தைத் துல்லியமாகக் கணக்கிட வேண்டும். குழந்தை வேண்டும் என்றால் அன்றே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கலாம். வேண்டாம் என்றால் அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கருத்தடை முறை தோற்றுப்போனதை 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டமே ஒரு காரணமாக ஏற்றது. அதில் மணமான பெண் என்று இருந்ததை 2021-ஆம் ஆண்டுத் திருத்தம் எந்தப் பெண்ணுக்கும் உரியதாக விரித்தது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். ஒன்பது வாரத்துக்குள் என்றால் மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையாலேயே முடித்துவிடலாம். 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை. எந்த முடிவானாலும் அவரோடு பேசி எடுப்பது நல்லது என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் கேட்பது உங்கள் சம்மதத்தை மட்டும்.

வேறு முறைகளைப் பயன்படுத்தும் வாசகியருக்கும் ஒரு வார்த்தை. வாரம் ஒருமுறை சாப்பிடும் சாயா மாத்திரையில் ஹார்மோன் கிடையாது. ஆனால் சிலருக்கு அது நாளைத் தள்ளிப்போடும். பதினைந்து நாளுக்கு மேல் தள்ளினால் சோதித்துவிட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியில் போக்கு அடியோடு நின்றுபோவது சகஜம். ஊசியைத் தேதி தவறாமல் போட்டிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். காப்பர்-டி இருக்கும்போது கோடு விழுந்தால் மட்டும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதில் கரு தங்குவது அரிது, தங்கினால் குழாயில் தங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

நாள் தவறாமல் சாப்பிட்டால் ஓராண்டில் ஆயிரம் பேரில் மூவருக்கு மட்டுமே தவறும் மாத்திரை, நடைமுறையில் நூறு பேரில் ஏழு பேருக்குத் தவறுகிறது என்றால், காரணம் ஜூன் 2 முதல் 4 வரை உங்களுக்கு நடந்தது போன்ற நாட்கள்தான். ஒரு வெள்ளை மாத்திரையை மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அன்றைக்கு இரண்டாகச் சாப்பிட நேர்ந்தாலும் தவறில்லை. இரண்டோ அதற்கு மேலோ தொடர்ந்து விட்டுப்போனால் ஒன்றை உடனே சாப்பிட்டு, அட்டையை வழக்கம்போலத் தொடர்ந்து, ஏழு நாள் ஆணுறை பயன்படுத்த வேண்டும். அது வெள்ளை மாத்திரையின் கடைசி வாரமாக இருந்தால் இரும்புச் சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புதிய அட்டைக்குப் போய்விடுங்கள். முதல் வாரத்தில் இப்படி ஆகி, அதற்குள் சேர்ந்தும் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை எடுக்கலாம். ஜூன் 6-இலும் 10-இலும் உங்களுக்கு அந்த வழி இருந்தது, யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாத்திரை சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று சாப்பிட வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான சில மருந்துகளும் இதன் வேலையைக் குறைத்துவிடும். அவற்றைத் தொடங்கினால் வேறு முறைக்கு மாற வேண்டும்.

இரும்புச் சத்து மாத்திரை மறந்துபோனால் பாதகமில்லை. ஆனால் அதில் முதல் மாத்திரையை எடுக்கும் அன்றே அடுத்த அட்டையைக் கைப்பையில் போட்டுவிடுங்கள்.